அம்பை ஏமாற்றியவள்

வேகம் அளக்கும் ரேடாரோடு போலீஸ் எந்தப் பக்கம் நின்றாலும், அலை வரும் திசையை உணர்ந்து லாரிக் கண்ணாடியில் ஒரு சிவப்பு அம்பு அந்தப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தைரியத்தில் பறந்த நாமக்கல் செங்கோடன் இதுவரை யாரிடமும் சிக்கியதே இல்லை.

அன்று துறையூர் சாலையில் அம்பு வலப்பக்கம் திரும்பியது. அங்கே ஒரு தகர விளம்பரப் பலகையைத் தவிர ஆளே இல்லை. "கோளாறு" என்று ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தார். இடப்பக்க வேலிக்குப் பின்னாலிருந்து வந்து கைகாட்டி நிறுத்தினாள் சப்-இன்ஸ்பெக்டர் தமயந்தி, அவர் மகள்.

"அலை தகரத்துல பட்டுத் திரும்பற மாதிரி ரேடாரை வெச்சேனுங்கப்பா. உங்க அம்பைப் பார்த்தே வளர்ந்தவதானே? லைசென்சை எடுங்க."

அபராதத்தோடு கிளம்பியதும் எதிரே கூட்டாளி சென்னியப்பனின் லாரி பறந்து வந்தது. போலீஸ் நின்றால் விளக்கை மினுக்கி எச்சரிப்பது ஓட்டுநர் வழக்கம். செங்கோடன் மீசையை நீவிக்கொண்டார், விளக்கைத் தொடவில்லை.

"போ மாப்ளே, எம்புள்ளகிட்ட நீயும் மாட்டு!"