அடித்தளிர்

மரம் வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஜன்னலால் மறுபடி பார்த்தார்.

வெள்ளைதான். மருந்துக்கும் ஒரு சிவப்புப் பூ இல்லை.

லண்டனுக்கு வந்த புதிதில் மனைவி தவமலர் ஆசைப்பட்டு வாங்கி, பின்வளவில் வைத்த ஹாத்தோர்ன் மரம். மேலே சிவப்புப் பூக்கிற மரம், கீழே ஏதோ காட்டு மரத்தின் வேர்; ஒட்டுக்கட்டி விற்றிருந்தார்கள். அடியில் தளிர் வந்தால் தவமலர் விடமாட்டாள். குனிந்து குனிந்து கிள்ளி எறிவாள். ஆசையாய் வருவதை ஏன் கிள்ளுகிறாள் என்று அவருக்கு மனம் பொறுக்காது. ஏனென்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்கியதுமில்லை.

பிறகு அவளுக்கு மறதி நோய் வந்தது.

குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. அவளோ அவரைத் தம்பி என்கிறாள்.

போன வருடம் மட்டும், உச்சிக் கிளையில் கொஞ்சம் சிவப்புப் பூத்த அன்று, ஜன்னலைப் பார்த்து "இஞ்சாருங்கோ" என்று, முந்திப் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

ஒரே ஒரு தடவை.

அந்த ஒரு சொல்லுக்காக மரத்தைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். எரு போட்டார். அடித்தளிர் ஒன்றையும் தொடவில்லை. கிளை கூடினால் பூவும் கூடுமல்லவா! உச்சிக் கிளை பட்டுப்போனதும் குளிர்தான் காரணம் என்று வெட்டிப் போட்டார்.

இப்போது முழுக்க வெள்ளை.

அவருக்கு அழவும் தெம்பில்லை. வழக்கம்போல அவளைச் சக்கர நாற்காலியில் ஜன்னலருகே தள்ளிவந்து, தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினார்.

அவள் மரத்தைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"என்னப்பா இது! ஒட்டுக்குக் கீழ வந்ததெல்லாத்தையும் கிள்ளாமல் விட்டிட்டியளே! காட்டுத் தளிர் சிவப்பு மரத்தைத் திண்டிட்டுது. ஒரு வேலை உங்களை நம்பித் தரேலாது."

அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து கேட்ட அதே ஏச்சு. அதே குரல்.

"இன்னும் கொஞ்சம் ஏசுமப்பா," என்று கெஞ்சிக்கொண்டே கோப்பையை அவள் வாயருகே பிடித்தார்.

அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

"சீனி காணாது, தம்பி."

அவள் நித்திரையானபின் கத்தரிக்கோலோடு வளவுக்குப் போனார். மரத்தடியில் புதிதாய் ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஏச்சு இன்னும் காதில் இருந்தது.

கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தத் தளிருக்குத் தண்ணீர் ஊற்றினார்.