நாளை வேலைக்கு வரவும்

"மூணு நாளா மெசேஜ் வரல தாயி."

வாலிநோக்கம் பஸ்ஸில் வந்து, ராமநாதபுரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியின் மாடிப்படி ஏறி, கனகலட்சுமியின் மேசை முன்னால் நின்றார் தவசி. செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். கால் முழுக்க உப்பு வெடிப்பு.

உப்பளத்துக்கு வெப் ஆப் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, உப்பளத்தின் பெயரைப் போட்டு, 'நாளை காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வரவும்' என்று தொழிலாளர்களின் போனுக்குச் செய்தி அனுப்புகிற ஆப்.

"உக்காருங்கண்ணே. பேரு?"

"தவசி. நாளைக்கும் மெசேஜைக் காட்டலன்னா வேற ஆளைப் போட்டுருவேங்குறாரு மேனேஜரு."

தேடினாள். உப்பளம் கொடுத்த நாற்பத்தாறு பேரில் தவசி இல்லை. நம்பரைக் கேட்டுத் தேடினாள். அதுவும் இல்லை.

"உங்க பேரே இல்லையேண்ணே."

"அஞ்சு மாசமா வேல பாக்குறவன் பேரு எங்க தாயி போகும்?"

கனகலட்சுமி பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"திங்கக்கெழம செட்டிங்ஸ் ஃபைலைச் சுத்தம் பண்ணேன். அதுல போயிருச்சோ என்னவோ."

"அது என்னது?"

"நேரம், நம்பர்னு மாறுற விசயத்தையெல்லாம் ப்ரோக்ராமுக்குள்ள எழுத மாட்டோம்ணே. தனி ஃபைல்ல வச்சுக்கிருவோம். மாத்தணும்னா அதை மட்டும் தொட்டாப் போதும்."

"மடை மாதிரி. மடையை மாத்துனா தண்ணி தன்னால பாத்தி மாறிப் போயிரும்."

"அதேதாண்ணே."

"அப்ப எம் மடையை அடைச்சுப்புட்ட."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"உங்களை வேலைக்குச் சேத்தது யாருண்ணே? அவரு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லட்டும்."

"யாரும் சேக்கல, மெசேஜ்தான். தை மாசம் அபிராமத்துல வெள்ளாம பொய்ச்சுப்போயி சும்மா கெடந்தேன். ஒருநா சாயந்தரம் வந்துச்சு. போனேன். மேனேஜரு போனை வாங்கி ரெண்டு தடவ படிச்சாரு. கம்ப்யூட்டர்ல வந்திருக்குன்னா மொதலாளி சொல்லித்தான் வந்திருக்கும்னு மம்பட்டியைக் கையில குடுத்துட்டாரு."

கீபோர்டில் கனகலட்சுமியின் விரல் நின்றது.

"மத்தவங்களுக்கு மெசேஜ் வருதாண்ணே?"

"மத்தவுகளுக்கு என்னைக்கு வந்துச்சு? அவுக பேரு ரிஜிஸ்டர்ல இருக்கு, எம் பேரு போன்லதான் இருக்கு. மெசேஜ் வர்ற ஒரே ஆளுன்னுதானே போன மாசம் என்னய மேஸ்திரி ஆக்குனாக."

கனகலட்சுமி நாற்பத்தேழாவது பெயராகத் தவசி என்று அடித்தாள்.

"ஆறு மணிக்கு வந்துரும்ணே. போயிட்டு வாங்க."

"வாரேன் தாயி. இனிமே சுத்தம் கித்தம் பண்ணாத."

அவர் படியிறங்கியதும் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தாள். தை மாதம் ஆப்பை ஒப்படைத்தபோது 'டெஸ்ட்' என்பதை 'லைவ்' என்று மாற்ற மறந்திருந்தாள், டெஸ்டில் இருக்கும்வரை செய்தி சோதனை நம்பருக்கு மட்டும்தான் போகும்; திங்கட்கிழமை அவள் அழித்தது, சோதனைக்காக விரலுக்கு வந்தபடி தட்டி வைத்திருந்த ஒரு நம்பர், தவசியின் நம்பர். நாற்பத்தாறு பேருக்கு ஒரு செய்தியும் போனதில்லை. ஐந்து மாதத்தில் அந்த ஆப் செய்த ஒரே காரியம், தவசிக்கு வேலை போட்டுக் கொடுத்ததுதான்.