கடலுக்கு ஓர் எண்

நூற்று எழுபத்தெட்டு.

அவள் மூன்றாம் தடவை ஓட்டியும் கணினி நிரல் அதே எண்ணைத்தான் தந்தது.

புயலுக்குப் பிறகு, இன்று காலை விண்ணிலிருந்து எடுத்த ரேடார் படம். அந்த எண்ணுக்கு மேலே வெளிச்சம் இருந்தால் படகு, வெள்ளை. கீழே இருந்தால் தண்ணீர், கறுப்பு.

திரை முழுக்கக் கறுப்பு.

புயலில் காணாமல் போனது ஒரே ஒரு படகு. அதில் அவளுடைய அண்ணன் ததேயு. இன்று ஒன்பதாம் நாள். நான்கு மணிக்குள் அவள் ஒரு புள்ளியாவது காட்டாவிட்டால் தேடும் கப்பல் கரைக்குத் திரும்பிவிடும்.

மணி மூன்றரை.

நிரலை எழுதியவளும் அவள்தான். எந்த எண் என்று முப்பது ஊகங்களை அங்கங்கே இறக்கிவிடுவாள். படகையும் தண்ணீரையும் நன்றாகப் பிரிக்கும் எண் ஏதாவது ஓர் ஊகத்துக்குச் சிக்கினால், மற்றவையும் அந்தப் பக்கம் திரும்பும். கடைசியில் எல்லாம் ஓர் எண்ணில் வந்து கூடும்.

"இத நாங்க தெனமும் கடல்ல செய்யுதோம். ஒருத்தனுக்கு மீனு பட்டா எல்லாரும் அங்க திரும்புவோம். இதுக்கா ஒனக்கு டாக்டர் பட்டம்?" என்று ததேயு சிரித்திருக்கிறான்.

நானூறு படங்களில் அது ஒரு படகைக்கூடத் தவறவிட்டதில்லை. அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை மேடை ஏறியிருப்பாள். பாழாய்ப்போன நிரல், இன்று ஒரே ஒரு தடவை தப்பு செய்தால்தான் என்ன?

எண்ணைக் கையாலேயே இறக்கினாள்.

நூற்று எழுபது. ஒன்றுமில்லை.

நூற்று அறுபது.

ஒரு புள்ளி.

பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவே படகின் பளிச்சென்ற வெளிச்சம் இல்லை. ஓரமெல்லாம் கலைந்திருந்தது. உடைகிற அலை.

இதை அனுப்பினால் கப்பல் ஓர் அலையைத் தேடிப் போகும்.

நூற்று ஐம்பதில் பன்னிரண்டு. நூற்று முப்பதில் எண்ண முடியவில்லை. அத்தனையும் அலை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

எண்பதில் திரை வெளுத்துப்போனது.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"மக்ளே, நம்ம வள்ளம் தெரியுதா?"

"தெரியுதும்மா." வெளுத்த திரையைப் பார்த்தாள். "கடலு முழுக்க வள்ளமாத்தான் இருக்கு."

அந்தப் பதில் போதும். கடலுக்குப் போகிறவனைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் கரையில் நின்றவள் அம்மா.

"நீ வீட்டுக்கு வா மக்ளே" என்றாள். "அப்பாட்ட நான் சொல்லுதேன்."