ஒரு படமும் இருக்கப்படாதாம்

"ஒரு படமும் இருக்கப்படாதாம். முப்பத்தொண்டையும் கழட்டினாத்தான் மாப்பிள கலியாணக் காவின் எழுத வருவாராம்."

செய்தி கொண்டுவந்த தரகரைக் கிணற்றுக்குள் தள்ளிவிடலாமா என்றிருந்தது எனக்கு. கலியாணத்துக்கு இன்னும் மூன்று நாள். பந்தல் போட்டாயிற்று. விருந்து மாட்டுக்குச் சொல்லியாயிற்று. இப்போதுதான் சுவரில் தொங்கும் படங்கள் மாப்பிள்ளையின் கண்ணில் குத்துகின்றனவாம்.

"வீடு பார்க்க வந்த நேரம் கண்ணை எங்க வச்சிருந்தாராம்?" என்று கேட்டேன்.

"உயிருள்ளதுட உருவம் தொங்குற வீட்டில தொழ ஏலாதாம்."

பெண்ணின் வாப்பா, என் மச்சான் மீராமுகைதீன் போடியார் கதிரையில் இருந்தபடி சுவர்ப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்முனையில் எங்கள் வீட்டை மாளிகை என்றுதான் சொல்வார்கள். என் உம்மாவின் உம்மாவுக்கு அவவுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. தாயிடமிருந்து மகளுக்கு என்று வந்து, எனக்கு மூத்தவளான ராத்தா பாத்தும்மாவின் கைக்கு வந்தது. இனி அவ மகள் உம்முவுக்கு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். ராத்தாவும் மச்சானும் இருக்க, வளவின் மூலையில் இரண்டு அறை கட்டியிருந்தோம்.

படங்கள் மட்டும் மச்சான் சேர்த்தவை. வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறத் தொடங்கிய நாளிலிருந்து எட்டு வருசமாக ஏலம் ஏலமாகத் திரிந்து வாங்கினார். குடை பிடித்த சீமாட்டி, வேட்டை நாய்கள், புயலில் ஒரு கப்பல், ஒரு வெள்ளைக் குதிரை. வயல் வெட்டு நடக்கிற நாளிலும் மனுசன் குதிரைக்குத் தூசி தட்டிக்கொண்டு நிற்பார். அந்தப் பைத்தியத்தோடு நாங்கள் மாரடித்தது எங்களுக்குத்தான் தெரியும்.

போன மாதம் சீதன உறுதிப் பத்திரம் எழுதும்போது நொத்தாரிசிடம் மச்சான் சொன்னார்: "வீடு, வளவு, உள்ளுக்குக் கிடக்கிற சாமான் அத்தனையும் மகளுக்கு. எனக்கு ஒரு ஆணியும் மிச்சம் வைக்காதீங்க."

அப்படி வாரிக்கொடுத்த மனுசனுக்கு இந்த வாத்தியார் மாப்பிள்ளை செய்கிற மரியாதை இது.

"கலியாணம் நிண்டா எண்ட புள்ள எப்படி வெளியில தலைகாட்டும்?" என்றா ராத்தா. "ஸமட், நீ போய்க் கதைச்சிட்டு வாவன்."

உள்ளே உம்மு அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள். சைக்கிளை எடுத்தேன்.

மாப்பிள்ளை உதுமாலெவ்வை சாய்ந்தமருதில் ஒரு வாடகை அறையில் இருந்தான். வழி நெடுக வெயிலையும் அவனையும் சேர்த்தே ஏசினேன். போனால் ஆள் இல்லை, லுஹர் தொழப் போயிருந்தான். கதவு திறந்து கிடந்தது.

மேசையில் ஒரு கடதாசி, பக்கத்தில் பென்சில். கடதாசியில் ஒரு குதிரை. எங்கள் வீட்டுக் குதிரையேதான், பிடரி மயிர்கூடப் பிசகவில்லை. சுவரைப் பார்த்தேன். ஒரு மாடு, இரண்டு கொக்கு, வலை இழுக்கிற ஒரு கிழவன். எல்லாம் அவன் கையால் கீறி ஒட்டியவை.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தவன், "இருங்க மாமா" என்றான்.

"இருக்க வரல்ல. எங்கட வீட்டில தொங்கினா ஹறாம், உங்கட அறையில தொங்கினா ஹலாலா? ஆருக்கு மார்க்கம் படிப்பிக்கிறீங்க?"

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்தான்.

"வீடு பார்க்க வந்த அண்டைக்கு, போடியார் மாமா அந்தக் குதிரைக்கு முன்னால தனிய நிண்டு அழுதுக்கிட்டிருந்தார். என்னைக் கண்டதும், கண்ணில தூசி எண்டார்."

"அதுக்கு?"

"உறுதியில எல்லாத்தையும் எழுதிட்டார். மகளுக்குக் குடுத்த வீட்டிலிருந்து ஒரு கரண்டியாவது திருப்பி எடுக்கிற ஆளா அவர்? நானே கையில குடுத்தாலும் வாங்கமாட்டார். எனக்கு வேணாமெண்டு நான் சண்டை புடிச்சாத்தான் தூக்கிக்கிட்டுப் போவார்."

அங்கே கிடந்த மர வாங்கில் இருந்துவிட்டேன்.

"உம்மு அழுறாளே மருமகன்," என்றேன் கடைசியாக.

"அவக்கு மட்டும் மெல்லமாச் சொல்லிடுங்க. மத்த ஆக்களுக்கு நான் பொல்லாதவனாவே இருக்கிறன்."

திரும்பி வந்தபோது மச்சான் வாசலிலேயே நின்றார்.

"என்னவாம்?"

"அசையிறான் இல்ல மச்சான். ஒரு படமும் இருக்கப்படாதாம். இண்டைக்கே கழட்டணுமாம்."

"ரசனை கெட்ட வாத்தி," என்று மச்சான் சத்தம் போட்டார். "குதிரையைத் தெரியுமா அவனுக்கு, கப்பலைத் தெரியுமா? இவனுக்குப் போய்ப் பொண்ணக் குடுக்கிறமே."

"ரெண்டு அறைக்குள்ள முப்பத்தொரு படத்தையும் வச்சா நாங்க எங்க படுக்கிற?" என்று ராத்தா தலையில் கை வைத்தா.

மச்சானுக்கு அது காதில் விழவில்லை. மற்றப் படங்களைக் கூலியாட்கள் தூக்கினார்கள். குதிரையை மட்டும் ஒருத்தரையும் தொடவிடாமல் தன் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மருமகனை வாய் ஓயாமல் ஏசியபடியே, அந்த இரண்டு அறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.