தேய்ந்த கைப்பிடி

சக்கர நாற்காலியில் நாயகி உட்கார்ந்ததுமே நடன மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நேத்துதான் கடையிலிருந்து வந்த மாதிரி பளபளன்னு மின்னுது. பார்க்கிறவனுக்கு எப்படிம்மா கண்ணு கலங்கும்?"

மறுநாள் அவரே ஒரு பழைய நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைப்பிடி தேய்ந்திருந்தது. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம். பக்கவாட்டுப் பையில் ஒரு சீப்புகூட இருந்தது.

நாயகி அதில் உட்கார்ந்தாள். "மாஸ்டர், அழுகை தானா வருது!"

"அதான்மா. பொருள் நிஜமா இருந்தா ஆட்டமும் நிஜமாயிடும்."

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. நடுநடுவே வீட்டிலிருந்து ஃபோன் வரும். "வேலை நேரத்துல உயிரை வாங்குறா" என்று அணைத்துவிடுவார்.

முதல் நாள் நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த நடனம் என் மனைவிக்குச் சமர்ப்பணம். அவ படுற பாட்டைப் பார்த்துத்தான் இதை அமைச்சேன்." குரல் தழுதழுத்தது.

முன்வரிசையில் இருந்த நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவங்களையும் மேடைக்குக் கூப்பிடுங்களேன், சார்!"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லா கேட்டீங்க போங்க! அவ எப்படி வருவா? மூணு வாரமா அவ நாற்காலி இங்கதானே இருக்கு?"