கடிதத்தில் இல்லாத பெயர்

ஸீரி மறுபடியும் தண்ணீரைத் தானம் செய்துகொண்டிருந்தான்.

பாலைவனத்தில் எங்கள் உப்பு வியாபாரக் கூட்டத்துக் கிழட்டு ஒட்டகக்காரர் ஒருவருக்கு நாக்கு வறண்டுவிட்டது. கேட்பதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஸீரி தானாகவே போய்த் தன் தோற்பையை அவிழ்த்து ஊற்றினான்.

“உனக்கென்ன கிறுக்கா? வலாத்தாவிலிருந்து தண்ணி வந்து சேர்ற வரைக்கும் உனக்கு இதுதான்” என்றேன்.

“அதான் இன்னைக்கு வந்துடுமே, தீலூத்தான் அண்ணே.”

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

தகாஸா உப்புச் சுரங்கத்தில் உப்பு ஏற்றி வலாத்தா ஊருக்குப் புறப்பட்டால், கடைசிக் கிணற்றில் மூன்று நாள் தங்குவோம். அங்கிருந்து ஓர் ஆளைத் தனியாக முன்னால் அனுப்புவோம். அவன் எங்கள் கடிதங்களை வலாத்தாவில் அவரவர் சிநேகிதர்களிடம் கொடுப்பான். அவர்கள் நான்கு நாள் தூரம் எதிரே வந்து தண்ணீர் தருவார்கள். ஊரில் தங்க இடமும் பார்த்து வைப்பார்கள்.

கடிதத்தில் பெயர் இல்லாதவன் பாடு திண்டாட்டம்தான். அடுத்தவனிடம் தண்ணீர் கேட்கலாம். ஆனால் அந்த இடத்தில் கை நீட்டினால், கொண்டுவந்த உப்பில் பாதிக்குமேல் கைமாறிவிடும்.

கூட்டத்தில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லோரும் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். கடைசியாக ஸீரி வந்து நின்றான்.

“எனக்கு அங்க யாரையும் தெரியாதுண்ணே. உங்க சிநேகிதர் தெம்பாவுக்கு எழுதுறப்ப, என் பேரையும் ஒரு ஓரமா போட்டுடுங்க.”

அவனிடம் இருந்தது ஒரே ஒட்டகம், இரண்டே உப்புப் பாளம். அதற்குக் கிடைக்கிற தங்கப் பொடியை வைத்து, தகாஸாவில் அடிமையாக உப்பு வெட்டும் தம்பியை மீட்கப் போகிறானாம். போன வருஷம்வரை இவனும் அதே குழியில் வெட்டிக்கொண்டிருந்தவன்தான். இவனும் நானும் தெம்பாவின் வீட்டில் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதா? பன்னிரண்டு ஒட்டகத்துக்குச் சொந்தக்காரன் நான். நினைக்கவே கௌரவக் குறைச்சலாக இருந்தது.

“போட்டாச்சு, போட்டாச்சு” என்றேன்.

போடவில்லை. மை காயட்டும் என்று அவன் கண்ணெதிரிலேயே தாளை மணலில் விரித்தும் வைத்தேன். படிக்கத் தெரியாதவன்தானே என்ற தைரியம்.

அந்தத் தைரியம்தான் இப்போது என்னைக் குத்தியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். எல்லோரும் இருக்கிறார்களே என்று மூடிக்கொண்டேன்.

அன்று காலையில் என் பையின் தையல் விட்டு, இருந்த தண்ணீரெல்லாம் மணலுக்குப் போயிருந்தது. உச்சிவெயிலில் ஸீரி தன் பையில் மிச்சமிருந்ததை எனக்கு நீட்டினான். நான் வாங்கிக் குடித்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அடிவரை குடித்தேன்.

சாயங்காலம் எதிரே புழுதி தெரிந்தது. வலாத்தாக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டு ஆளும் ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பைகளை இறக்கினான். மற்ற எல்லோர் பெயரும் வந்தது, ஸீரியின் பெயரும் என் பெயரும் மட்டும் வரவேயில்லை.

தெம்பாவின் ஆள் எங்கே என்று ஒருவனிடம் கேட்டேன்.

“தெம்பாவா? அவர் மௌத்தாகி ரெண்டு மாசம் ஆச்சே. அடக்கம் பண்ணின நாள்லேருந்து வீடு பூட்டிக் கிடக்கு. உங்க கடிதத்தைக் கதவிடுக்குல செருகிட்டு வந்ததா தூதுக்காரர் சொன்னாரு.”

என்னிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊருக்கு இன்னும் நான்கு நாள் நடக்க வேண்டும். அதற்குள் எங்கள் கூட்டத்துக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து, பத்துப் பாளம் கொடுத்தால் ஒரு பை தருவதாகக் காதோடு பேரம் பேச ஆரம்பித்துவிட்டான்.

“ஸீரி யாருங்க இங்க?” என்று ஒரு குரல் கேட்டது.

திடுக்கிட்டுத் திரும்பினேன். வலாத்தாவில் ஒரு வியாபாரி இருக்கிறார், ஆதரவில்லாமல் வருகிறவர்களின் பெயர் காதுக்கு எட்டினால் தண்ணீர் அனுப்புகிறவர். கூப்பிட்டவன் அவருடைய வேலைக்காரன்.

“உன் பேரு எப்படி அவர்கிட்ட போச்சு?” என்று ஸீரியைக் கேட்டேன்.

ஏதோ தப்புச் செய்தவன்போல அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே. ஆனா தகாஸாவுல தொழுகை நடத்துறவரு என் பேரை மட்டும் மணல்ல எழுதிக் காட்டியிருக்காரு. அது எப்படி இருக்கும்னு தெரியும். நீங்க காய வச்ச தாள்ல அது இல்ல. வேலை மும்முரத்துல மறந்திருப்பீங்கன்னு, யாராவது நல்ல மனுஷர்கிட்ட சொல்லுங்கன்னு தூதுக்காரர்கிட்ட வாய்வார்த்தையா சொல்லிவிட்டேன்.”

மறந்திருப்பேனாம். மணலுக்காக முகத்தில் சுற்றியிருந்த துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவனை நேராகப் பார்க்க எனக்கு முகமில்லை.

வேலைக்காரன் இரண்டு பைகளை ஸீரி முன்னால் வைத்தான். இன்னும் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான்.

“தீலூத்தான்னு ஒருத்தர் இருக்காராமே, அவர் யாருங்க? ஒருவேளை அவரோட சிநேகிதர் வர முடியாமப் போயிட்டா அவருக்கும் சேர்த்துக் கொண்டாந்துடுங்கன்னு ஸீரி சொல்லிவிட்டிருந்தார்.”