ஜிப்புக்கு அந்தப் பக்கம்

கூடாரத்துக்குள் ஃபோல்க்மார் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றான்.

உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் கூடாரம். கீழே விரிப்பு, மேலே கவிப்பு, சுற்றிலும் ஜிப். சின்ன மின்விசிறி ஒன்று காற்றை ஊதி ஊதி அதை உப்பலாக நிறுத்தி வைத்திருக்கும். அதற்குள் அவனுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வசந்தகாலம் வரை ஈரம் படாமல், எலி கடிக்காமல் தூங்கும்.

அன்று அக்டோபர் முப்பத்தொன்று, சனிக்கிழமை. அந்தக் காரின் நம்பர் பலகையிலேயே ஓரமாக 04, 10 என்று அச்சடித்திருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அது தெருவில் தலைகாட்டலாம்.

காலையிலிருந்து அவனுக்கு அதே வேலை. டேங்கை நிரப்பினான். டயர்களில் கூடுதலாகக் காற்றடித்தான். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினான். புகைக்குழாயில் துணி அடைத்தான். கதவோரத்து ரப்பருக்கெல்லாம், குளித்து வந்த குழந்தைக்குப் போடுவதுபோல், பவுடர் போட்டான். நடுநடுவே ஒரு பிளாஸ்க் காபியைக் காலி பண்ணினான்.

கடைசித் துடைப்புக்காகக் கூடாரத்துக்குள் போனவன், "தூசி வருது, ஜிப்பை மூடு" என்று மனைவிக்கு உத்தரவு போட்டான்.

அன்னெக்ரெட் மூடினாள்.

அந்த ஜிப்புக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் பிடி.

துடைத்து முடித்துத் தட்டினான். அவள் திறக்கவில்லை. மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள்.

நான் பக்கத்து வீட்டுக்காரன். காற்றடிக்கும் பம்ப்பை இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிப்போக வந்தவன். என் அப்பா சந்தையில் கம்பளம் விற்றவர். ஒரு பேரம் சூடாகும்போது அந்த வாசனை எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும். நானும் ஒரு நாற்காலியை விரித்தேன்.

"ஒன்பது வருஷமா கேக்கறேன், ஃபோல்க்மார். நான் ஓட்டணும்."

"முதல்ல திற. அவசரம்."

"தெரியுது. காலைப் பார்த்தாலே தெரியுது."

கூடாரத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் ஈரம் புகும். நின்ற இடத்திலேயே குதித்து அடக்கலாம். குதித்தால் கார்மேல் உரசும். காரைத் துடைக்கும்போது கொக்கி கீறிவிடும் என்று பெல்ட்டை வேறு கழற்றி வெளியே வைத்திருந்தான். ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மெத்தென்ற துணியோடு, கௌரவமாக நிற்கப் பார்த்தான்.

"குளிர்காலம் முழுக்க ஜன்னல் கண்ணாடியெல்லாம் நானே துடைக்கறேன்."

அவள் மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்துமஸுக்கு உன் தங்கச்சி வரட்டும். பத்து நாள் இருக்கட்டும்." ஒரு மூச்சு விட்டான். "நாயோட."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த நாயை நான் பார்த்திருக்கிறேன்.

"எனக்கு வேண்டியது நாய் இல்ல. எல்லா ஞாயித்துக்கிழமையும் சாவி."

நல்ல தொடக்கம். முதலில் ஆகாயத்தைக் கேட்க வேண்டும். எங்கப்பாவுக்கு அவளைப் பிடித்திருக்கும்.

"இது விளையாட்டு இல்ல, அன்னெக்ரெட். மலை இறக்கத்துல பிரேக்கை எப்போ மிதிக்கணும்னு ஒரு பக்குவம் இருக்கு. வளைவுல பின்பக்கம் எங்க போகுதுன்னு ஒரு கண்ணு அங்கயே இருக்கணும். அதெல்லாம் சொல்லி வராது."

"ம்."

"குறுகலான தெருவுல எதிரே ஒருத்தன் வந்தான்னா? கை நடுங்கிடும்."

"நடுங்கும் நடுங்கும்," என்றாள் அவள். எழுந்து, ஓரத்துத் தண்ணீர்க் குழாயை லேசாகத் திருகி, வாளிக்குள் சொட்டவிட்டாள்.

நான் பார்த்த பேரங்களிலேயே இது ஈவிரக்கம் இல்லாதது.

ஃபோல்க்மாரின் மூச்சுப்பட்டு அவன் முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் மங்கியது. மங்கலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஹார்ட்முட், நீயாவது சொல்லேன்டா."

இரண்டு தரப்பும் கூப்பிட்ட பிறகுதான் தரகன் வாய் திறக்க வேண்டும். அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அது போதும்.

"மாசத்துக்கு ஒரு ஞாயிறு," என்றேன். "ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரை. மொத்தம் ஏழே ஏழு. அதுக்கும் கீழ இறங்கினா எனக்கே அசிங்கம்."

"மூணு," என்றான் ஃபோல்க்மார்.

அன்னெக்ரெட் குழாயை இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"ஏழு," என்றான் ஃபோல்க்மார், மெலிந்த குரலில்.

"மழை பெஞ்சாலும்."

"பெஞ்சாலும்."

"நீ பக்கத்துல உக்காந்து, இல்லாத பிரேக்கைக் காலால மிதிக்கக் கூடாது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தலையை ஆட்டினான். அவள் ஜிப்பை முழுதாகத் திறந்தாள். கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காரில் படாமல் பக்கவாட்டில் நழுவி, அவன் வீட்டுக்குள் ஓடினான். அந்த வேகத்தில் அந்தக் காரையே அவன் ஓட்டி நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவள் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். என்னைத் தனியாக ஓரங்கட்டினான்.

"முதல் ஞாயிறு சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல வச்சுக்கலாம்டா. காலியா கிடக்கும். மெதுவா சுத்தி வரட்டும். நீயும் வந்துடு. எனக்குத் தாங்காது."

வருவதாகச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு, வழக்கம்போல் நானும் ஃபோல்க்மாரும் வேலைக்குப் போகத் தெருமுனையில் பஸ் ஏறினோம். நடுவில் துருத்தி வைத்து மடிகிற, பதினெட்டு மீட்டர் நீள பஸ். பள்ளிக்கூடக் கூட்டம் கதவுவரை நின்றது. இறக்கம் முழுக்க ஈர இலைகள். இருபுறமும் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண். எதிரே குப்பை லாரி வேறு வந்தது.

ஃபோல்க்மார் இரண்டாவது வளைவுக்கு முன்பே குறட்டை விட்டான். பதினான்கு வருஷமாக அப்படித்தான்.

அவன் இறங்க வேண்டிய இடத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஃபோல்க்மார், எந்திரி. சாப்பாட்டு டப்பாவை விட்டுட்டுப் போயிடாத," என்றாள் அன்னெக்ரெட், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் அவனைப் பார்த்து.